ஜீரோ பட்டன்

— பாருங்க உத்தமன் சார், ஷெட்டுக்குள்ள ஒரு வண்டிகூட இல்ல, இந்தப் புகை மெஷின்ல நம்பர் எப்படி ஏறுது பாருங்க. வாயைத் தொறந்தா பொய். அப்படியே எங்க வீட்டுக்காரர்தான்!

— மெஷினைப் பத்தி மட்டும் சொல்லுங்க மேடம். அதைச் செக் பண்ணத்தான் என்னை அனுப்பியிருக்காங்க.

— என்னத்தைச் சொல்ல? விவேக் நகர் ஆட்டோவுக்கெல்லாம் புகை டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் குடுக்கறேன், எங்க வீட்டுக்காரர் டிரேவரை டெஸ்ட் பண்ண ஒரு மெஷின் இல்லையே! குழந்தை ஏசு கோயில்ல முட்டி போட்டு சத்தியம் பண்ணாரு, இனி குடியைத் தொடமாட்டேன்னு. கொஞ்ச நாள்தான். திரும்பத் தள்ளாட்டம், வாந்தி, தலைவலி. கேட்டா, ‘குடிக்கலடி, வேணும்னா வாயை மோந்து பாரு’ன்னு கிட்ட வர்றாரு. கல்யாணமான நாள்லேருந்து மோந்தது போதாதா எனக்கு? இந்த ஞாயித்துக்கெழமை எங்கம்மா வீட்டுக்குக் கெளம்பறேன். முடிஞ்சுது.

— சரி சரி, இருங்க. அதாவது, இது நான் கொண்டாந்த சிலிண்டர். சுத்தமான காஸ், விஷம் துளியும் இல்ல. டியூபை மாட்டறேன். என்ன காட்டுது?

— ஜீரோ.

— இந்த சிலிண்டர்ல கார்பன் மோனாக்சைடு விஷம் மூணரை சதவீதம்னு போட்டிருக்கு. இப்ப?

— மூணரை. அட, சொல்லி வச்ச மாதிரி!

— அதாவது, மெஷின் கரெக்டா இருக்கு.

— எங்க சார் கரெக்ட்? டியூபைக் கழட்டினதும் மறுபடி நம்பர் வருது பாருங்க. இருங்க, ஜீரோ பட்டனை அமுக்கறேன்.

— தொடாதீங்க! தினமும் இப்படித்தான் அமுக்குவீங்களா?

— ஆமா. வண்டி இல்லாம நம்பர் நின்னா அமுக்கிடுன்னு ஓனர் சொன்னாரு. மத்தியானம் கரண்ட் போனாத்தான் இந்தக் கூத்து.

— இப்பவும் கரண்ட் இல்லையே. மெஷின் எதுல ஓடுது?

— பக்கத்து பேக்கரிக்காரர் ஜெனரேட்டர்ல. நமக்கும் ஒரு லைன் குடுத்திருக்காரு, நல்ல மனுஷன். பின்னாடி நாங்க குடியிருக்கற ரூம் ஜன்னலண்ட புதுசா வச்சிருக்காரு.

— எப்ப வச்சாரு?

— அந்த சத்தியம் பண்ண மாசம்தான்... ஏன் சார், முகம் ஏன் இப்படி ஆகுது?

— டியூபை அந்த ரூம் கதவு இடுக்குல வைங்க. நம்பரைப் பாருங்க.

— ஏசுவே! ஏறிக்கிட்டே போகுது... நிக்கவே மாட்டேங்குது சார்!

— மெஷின் பொய் சொல்லல மேடம். ஜெனரேட்டர் புகை ஜன்னல் வழியா உள்ள போகுது. அதுல இருக்கற விஷத்துக்கு வாசனையே கிடையாது. ஷட்டர் தொறந்திருக்கறதால நீங்க தப்பிச்சீங்க. உள்ளயே கெடந்தா தலை வலிக்கும், வாந்தி வரும், கால் தள்ளாடும். அதாவது... குடிச்சவன் மாதிரியே இருக்கும். உள்ள யாராவது இருக்காங்களா?

— டிரேவர்! நைட் ஷிப்ட்காரரு, பகல்லதான் தூங்குவாரு... சாராயக் கடைக்கு ஓடிடுவாருன்னு நான்தான் வெளிய பூட்டு போட்டேன் சார்! நான்தான் போட்டேன்!

— சாவி எங்க?

— இதோ... பூட்டுக்குள்ள போகமாட்டேங்குது...

— குடுங்க இங்க! ம், தொறந்திடுச்சு. மூச்சைப் பிடிச்சுக்கோங்க. கக்கத்துல கை குடுத்து இழுங்க. தெருவுக்கு, தெருவுக்கு! பேக்கரி சார், ஜெனரேட்டர் ஆஃப் மாட்ரீ! சீக்கிரம் ஆஃப் பண்ணுங்க!

— ஐயோ, டிரேவர், கண்ணைத் தொறங்க... நான் பாவி, நான் பாவி...

— மூச்சு இருக்கு. ஆட்டோ! ஏ ஆட்டோ! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!

— என்னங்க, என்னைத் திட்டவாவது திட்டுங்க... ஏதாவது பேசுங்க!

— ஜூடி... இப்பவாவது... வாயை மோந்து பாரு.