தாய்க்கரைசல்

டீ நன்றாகத்தான் இருக்கிறது, மேடம். சர்க்கரை மட்டும் கரையாமல் அடியில் தங்கிவிட்டது. ஆறிய பிறகு போட்டிருப்பார்கள். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். கொண்டுவந்தவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். மருந்துக் கம்பெனியில் படிகப் பிரிவில் எனக்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. மேல்மாடியிலிருந்து மருந்து மஞ்சளாக, பிசுபிசுவென்று வரும். அதைச் சூடான ஸ்பிரிட்டில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, ஆறவிடுவோம். ஆற ஆற மருந்து மட்டும் வெள்ளை ஊசிகளாகக் கீழே இறங்கும். அழுக்கு முழுவதும் திரவத்திலேயே நின்றுவிடும். அந்தத் திரவத்துக்குத் தாய்க்கரைசல் என்று பெயர். யார் வைத்த பெயரோ, பொருத்தமான பெயர்தான். பிள்ளையை வெளுப்பாக அனுப்பிவிட்டு அழுக்கைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

நான் எதையும் இரண்டு தடவை செய்கிறவன். இறங்கிய படிகத்தை மறுபடி கரைத்து, மறுபடி ஆறவிடுவேன். அதனால் கம்பெனியில் எனக்கு 'ரெண்டு வாட்டி' என்று பட்டப்பெயர். "ரெண்டு வாட்டி வர்றாருடா, பேச்சக் கொற" என்று என் காதில் விழவே சொல்வார்கள். வீட்டிலும் கழுவிய தட்டையே திரும்பக் கழுவுவேன். "நல்ல வேளை, கல்யாணத்த ரெண்டு வாட்டி பண்ணிக்கல இந்த மனுஷன்" என்பாள் என் மனைவி. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மாப்பிள்ளையைப் பற்றித்தானே உங்களுக்குத் தெரிய வேண்டும். என் மகளைக் கட்டியவர், என் பிரிவுக்கே மேலாளராக வந்தவர், பத்தொன்பது நாளாக உங்கள் காவலில் இருப்பவர். தங்கமான மனிதர். கெட்டிக்காரர் என்பதையும் நான் மறுக்கவில்லை. வந்த ஆறாம் மாதம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் மெதுவா ஆறவிட்டா ஒரு தடவையே போதும். ஆரம்பத்துல கொஞ்சம் நல்ல படிகத்தத் தூவி விட்டா, அதப் பிடிச்சிக்கிட்டு மிச்சமும் சுத்தமாவே வளருது. பத்து தடவ பண்ணிப் பாத்துட்டேன்."

"அப்ப இத்தன வருஷமா நான் பொழுது போகாமயா ரெண்டாவது தடவ பண்ணேன், மாப்பிள்ளை?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனா மாமா? ரெண்டாவது தடவையில நல்ல மருந்தும் கொஞ்சம் வீணாப் போகுதுல்ல, அதுக்காகத்தான்."

அடுத்த வாரம், மறுபடி கரைக்கிற இரண்டாவது கலத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினார்கள். என் மேஜை கிடங்குப் பக்கம் போனது.

அவருடைய மருந்தை நான் சோதித்துப் பார்த்தேன். சுத்தமான படிகம் அதற்குரிய சூடு வந்ததும் ஒரே அடியாக உருகும். அழுக்கு இருந்தால் முன்னதாகவே வியர்த்து, குழைந்து, இழுத்துக்கொண்டே உருகும். சின்னக் குழாயில் போட்டுப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். ஏழு முறை தயாரானதையும் பார்த்தேன். ஏழும் ஒரே அடியாக உருகின. தெர்மாமீட்டர் பழுது என்று நினைத்து வேறொன்றில் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வயிற்றெரிச்சல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். எனக்கு இருந்தது பயம். ஏழு முறை சரியாக வந்தால் எட்டாவது முறை யாராவது அசட்டையாக இருப்பார்கள். பட்டால்தான் மேலிடத்துக்குப் புத்தி வரும். அந்த அடி எப்படியும் விழத்தான் போகிறது, சீக்கிரமாக விழுந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே. இப்படித்தான் என் யோசனை போனது.

தாய்க்கரைசல் டிரம்கள் பின்பக்கக் கொட்டகையில் எரிப்பதற்காக நிற்கும். அதில் என்ன இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதில் ஒரு பொருள், மருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. முகம் அதே முகம், குணம் வேறு. நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திவிடும். இரண்டு மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். யாரும் கேட்கவில்லை. ரெண்டு வாட்டி எதையாவது கழுவிக்கொண்டிருப்பார் என்று விட்டுவிட்டார்கள். முதலில் பழுப்புச் சேறாகத்தான் வந்தது. படிகம் இறங்க அடம்பிடித்தால் கண்ணாடிக் கம்பியால் குடுவையின் உட்சுவரைச் சுரண்ட வேண்டும். சுரண்டிக்கொண்டே இருந்தேன். ஒரு திங்கட்கிழமை இறங்கியது. அவ்வளவு அழகு, மேடம்.

எட்டாவது முறை தயாரான மருந்தில் பரிசோதனைக்காரர்கள் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போன பிறகு, டிரம்மை மூடுவதற்கு முன், அதைச் சேர்த்துக் கலந்தேன்.

அது ரத்த அழுத்தத்துக்கான மருந்து. என் மனைவியும் அதைத்தான் சாப்பிடுகிறாள். அந்த மாத்திரை கடைக்கு வந்த வாரம் அவளுக்கு வேறு கம்பெனி அட்டை வாங்கிப் போனேன்.

"என்னங்க, அட்டை மாறியிருக்கு? நம்ம கம்பெனி மாத்திரைக்கு என்ன கேடு?"

"கடையில இல்ல."

"நேத்துத்தான் பக்கத்து வீட்டம்மா அதே கடையில வாங்கிட்டு வந்தாங்க. என்கிட்டக் காட்டினாங்களே."

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். சமையலறை வாசலில் நின்று அவள் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை தீர்ந்ததும் அந்தக் காலி அட்டையைக் குப்பையில் தேடினேன், கிடைக்கவில்லை. இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. அவள் கையாலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

இறந்தவர்கள் என்று நீங்கள் காட்டிய பட்டியலில் மூன்றாவது பெயர் அந்தப் பக்கத்து வீட்டம்மா. அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். வாந்தி, மயக்கத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இருபத்தாறு வருடம் எடை போட்ட கை இது. அளவு எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையை நீங்கள் பிடித்துக்கொண்டு போன அன்று மகள் வந்து என் காலடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அவர் முறையில தப்பு இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"ஒரு தடவ பத்தாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேம்மா."

அவள் அழவில்லை. எழுந்து போய்விட்டாள். அந்த வாரமே இரண்டாவது கலத்தின் உறையைப் பிரித்தார்கள். என் மேஜை பழைய இடத்துக்கு வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

உங்கள் ஆய்வுக்கூடத்து அம்மாள்தான் கண்டுபிடித்தார். அசட்டையால் தங்கும் அழுக்கு தனியாக வராது, கூட்டமாக வரும். மஞ்சள், பிசின், இன்னும் நாலு உறவுகள் எல்லாம் கூடவே ஒட்டியிருக்கும். அந்த மாத்திரையில் இது ஒன்றுமட்டும் தன்னந்தனியாக இருந்தது. "இது தங்கிப்போனது இல்ல, யாரோ சுத்தம் பண்ணிக் கொண்டுவந்து போட்டது" என்று அவர் சொன்னாராம். திறமைசாலி. பழுப்புச் சேற்றை அப்படியே கொட்டியிருந்தால் மாப்பிள்ளை வாழ்நாளெல்லாம் உள்ளேதான். சேறு என் கையில்தான் இருந்தது. ஆனாலும் கொட்ட மனம் வரவில்லை. மூன்று தடவை படிகமாக்கினேன்.

மாப்பிள்ளையை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள், மகள் காத்திருப்பாள். அவர் முறை சரி என்று மட்டும் என்னிடம் எழுதி வாங்காதீர்கள்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். நாலாவது வரியில் 'அசுத்தமான பொருளைக் கலந்து ஒன்பது பேரைக் கொன்றேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். கொன்றேன் என்பது இருக்கட்டும். அசுத்தமான என்பதை அடித்துவிடுங்கள்.