அடியில பூட்டு வச்ச ஸ்கேனர்

அது இல்ல தம்பி, அது கம்ப்யூட்டர் சுவிட்சு. ஸ்கேனருக்கு இந்தப் பக்கம். ம், போடுங்க. கேட்டீங்களா? கர்ரு கர்ருன்னு முனகுது, லைட்டு இருந்த எடத்த விட்டு நகர மாட்டேங்குது. என் பொண்ணும் அங்கருந்து என்னென்னமோ பண்ணிப் பாத்தா. கடைசியில வெறுத்துப் போயி, அப்பா, இதோட மல்லுக்கட்ட என்னால ஆகாது, கடையிலருந்து ஆள் அனுப்புறேன், புதுசு வாங்கிக்கோங்கன்னுட்டா. அவ இருக்கிறது பிளேன்ல போற தூரம். அதான் உங்களுக்கு இந்த அலைச்சல்.

போன்லயே படம் புடிச்சு அனுப்பலாமா? அதையும் பாத்தாச்சு. ட்யூப்லைட் வெளிச்சம் சரியா போட்டோ மூஞ்சி மேலயே விழுது. தாள உள்ள இழுக்கிற மெஷினும் சரிப்படாது. இந்த ஆல்பத்தப் பாருங்க, எல்லாம் அவ சின்ன வயசுப் படம். அவ அம்மா இருந்தப்ப கோந்து தடவி ஒட்டினது. பிரிச்சா கிழிஞ்சிரும். ஆல்பத்தோட கவுத்து வைக்கணும். அதனால மூடிய முழுசா தெறக்கிற மாதிரி, கண்ணாடி வச்சதுதான் வேணும்.

வெவரமாத்தான் பேசுறேன், இல்ல? அவகிட்ட மட்டும் எனக்கு ஒண்ணுமே தெரியாது.

சாதாரண நாள்ல போன் பண்ணினா மூணே கேள்விதான் தம்பி. சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வச்சிரட்டுமா. குறையா சொல்லல, அவளுக்கு ஆபீஸு, பிள்ளைங்க. எனக்கும் சொல்ல என்ன இருக்கு? வீட்ல நானும் ஃப்ரிட்ஜும்தான். ஆனா மெஷின் மக்கர் பண்ணுதும்மான்னு சொல்லிப் பாருங்க, பதறிட்டு வருவா. மௌஸ விடுங்கப்பா, நான் பாத்துக்கிறேன்னு அதட்டிட்டு, அங்கருந்தே இன்டர்நெட் வழியா ஸ்கிரீன்ல இருக்கிற இந்த அம்பை நகத்துவா. நான் கையக் கட்டிட்டுப் பாத்துட்டே இருப்பேன். பக்கத்து நாற்காலியில வந்து உக்காந்த மாதிரியே இருக்கும்.

அப்புறம் ரீஸ்டார்ட் போடுவா. இது கிழட்டுக் கம்ப்யூட்டர், எழுந்திரிக்க நேரமாகும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சும்மா இருக்க முடியாதில்ல? அப்பதான் பேச்சு வரும். பெரியவன் பரீட்சையில கோட்டை விட்டது, மாப்பிள்ளையோட மனஸ்தாபம், எல்லாம் அந்த ரீஸ்டார்ட்டுலதான் சொன்னா. ஒரு தடவ அழுதுட்டா கூட. அவ வச்சதும் அம்பு அப்படியே நின்னுரும். வீடு எவ்வளவு காலியா கெடக்குன்னு அப்பதான் தெரியும்.

என்ன தம்பி, தலைகீழா கவுத்துட்டீங்க?

ஆமா. அடியில சின்னதா ஒரு பூட்டு இருக்கு. வண்டியில ஏத்திப் போறப்ப உள்ள லைட்டு ஆடாம இருக்க. பூட்டியிருந்தா இப்படித்தான் முனகும்.

எனக்கு எப்படித் தெரியுமா தம்பி? நான்தான் பூட்டினேன். அங்கருந்து அவளால கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்தையும் பாக்க முடியும். இத மட்டும் பாக்க முடியாது.

தெறந்துட்டீங்களா? சரி. பாருங்க, நல்ல பிள்ளையாட்டம் ஓடுது. அவகிட்ட சொல்லிராதீங்க, சங்கடப்படுவா. புதுசுதான் வேணும்னு ஆசைப்படுறா, வாங்கிருவோம். எங்க, புது மெஷின் படத்தக் காட்டுங்க. இதுவா? ஒல்லியா அழகாத்தான் இருக்கு. எத்தனை வருஷமானாலும் தொந்தரவே குடுக்காதா?

அப்ப அது வேணாம் தம்பி. வேற காட்டுங்க, அடியில பூட்டு வச்சதா ஒண்ணு.