ஒருமுறை அழுத்தினால் ஆமாம்

மாலை ஏழு மணி இருக்கும். புத்தூரைத் தாண்டி எங்கள் மிஷன் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற மண் ரோடு. ஒரு விளக்கு கிடையாது. ஒரே ஒரு ஸ்கூட்டர்... ஓட்டிப் போனவன் அனில். கால் வைக்கிற இடத்தில் சின்ன மரப்பெட்டி. பெட்டிக்குள்ளே ஒரு கை.

சிரிக்காதே பிரவீன். கையேதான். மணிக்கட்டோடு போன வலது கை.

ரிப்பேராகி நிற்கிற வேன் சரியாக இன்னும் நேரமாகும் என்று டிரைவர் சொல்லிவிட்டார். கேரல் பாடிப் பாடி எனக்குத் தொண்டையும் போய்விட்டது. பேய்க் கதை சொல், சொல் என்று நச்சரித்தது நீங்கள்தான். அப்புறம் எவராவது 'கிருபா அக்கா, தூக்கம் வரல' என்று போன் பண்ணினால் தோலை உரித்துவிடுவேன். ஞானசிங், அந்த ஜன்னலைச் சாத்து. ம்... கேளுங்கள்.

அனில் என்னோடு படித்தவன். அந்தக் கை அவனுடைய அக்கா புருஷன் கிளாட்வினுடையது. ஸ்ரீ சிட்டிப் பக்கம் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தார். கை மாட்டி நசுங்கிவிட்டது. ஒட்டவைக்க வழியில்லை என்று எடுத்துவிட்டார்கள். எடுத்த கையைக் குப்பையில் போட விடமாட்டேன் என்று மனுஷன் கட்டிலில் படுத்தபடியே பிடிவாதம் பிடித்தார். கடைசி நாளில் முழு உடம்போடு எழ வேண்டாமா? ஜெபம் பண்ணிப் புதைக்க வேண்டும். அதுவும் லீனாவின் கல்லறையில்.

லீனா அனிலின் அக்கா. முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்தாள். பாழாய்ப்போன வியாதி அது. மூளையிலிருந்து தசைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். உத்தரவு வராத தசை சும்மா கிடந்து கிடந்து கரையும். ஆனால் புத்தி தெளிவாக இருக்கும், தொட்டால் தெரியும். அதுதான் கொடுமை. கடைசியில் அவளுக்கு அசைந்தது வலது கை விரல் ஒன்றுதான். கிளாட்வின் தன் கையை அவள் கைக்குள் வைத்துக்கொண்டு கேட்பார். ஒருமுறை அழுத்தினால் ஆமாம். இரண்டுமுறை அழுத்தினால் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் மாதக் கணக்காக அப்படித்தான் பேசினார்கள்.

அதனால்தான் அந்தக் கை அவளிடமே போகட்டும் என்றார்.

அனில் போனது கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். நம் தோட்டத்தில் அந்தச் சமயம் என்ன செய்வார்கள், தெரியும்தானே? மரச் சிலுவைகளையெல்லாம் பிடுங்கி வரிசையாகச் சாய்த்துப் பெயிண்ட் அடித்து மறுபடி நடுவார்கள். அன்றைக்கும் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அனில் டார்ச் அடித்து அக்கா பெயரைத் தேடிக் கண்டுபிடித்தான். தொட்டதும் வெள்ளை விரலில் ஒட்டிக்கொண்டது. சிலுவைக்குக் கீழே முழங்கை ஆழம் தோண்டி, பெட்டியை வைத்து மூடி, கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னான்.

ஆமென் சொல்லும்போது... மண்ணுக்குள்ளே சர்ர்ரென்று ஒரு சத்தம். பெட்டியை யாரோ இழுக்கிற மாதிரி.

எலி என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அன்று ராத்திரியே கிளாட்வினுக்கு இல்லாத கை திரும்பி வந்தது. இதில் அதிசயமில்லை என்றார் டாக்டர். கை போனாலும் வெட்டுப்பட்ட நரம்பின் நுனி, 'கை இருக்கிறது, கை இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். நிறைய பேருக்கு வலிக்குமாம். கிளாட்வினுக்கு வலிக்கவில்லை.

"அனிலு, உங்க அக்காடா. கைய புடிச்சிக்கினு கீறா. சில்லுனு கீது."

சொல்லிவிட்டு அழுதார். சந்தோஷத்தில்தான். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஏதாவது கேட்பார்... கொஞ்சம் சும்மா இருப்பார்... சிரிப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள் அபிகாயில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். பத்தாவது படிக்கிற பிள்ளை. அம்மாவும் இல்லை, இனி அவளுக்கென்று இருப்பது அப்பா ஒருவர்தான்.

அவள்தான் அனிலுக்குப் போன் பண்ணினாள். "மாமா, நைனா சோறு துன்றதில்ல. அம்மாவாண்டயே போய்டறேன்னு சொல்லிக்கினு கீறாரு. கை வேற மெலிஞ்சிக்கினே போவுது."

கை மெலியக் கூடாது. வெட்டுப்பட்டது மணிக்கட்டில். அதற்கு மேலே நரம்பும் தசையும் நன்றாகத்தான் இருந்தன. அனிலுக்கு அது தெரியும், ஏனென்றால் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நரம்பு, தசை சோதனை செய்கிற வேலை அவனுக்கு. மெல்லிய ஊசியைத் தசைக்குள் ஏற்றுவான். தசையில் ஓடுகிற மின்சாரம் ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்கும். சும்மா இருக்கிற நல்ல தசை ஊமை. உத்தரவு வந்து இறுகினால் டொக், டொக் என்று தட்டும். நரம்பு செத்துப்போன தசை மட்டும் சும்மா இருக்கும்போதே சத்தம் போடும்... தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. லீனாவின் தசையில் அந்தத் தூறலை முதலில் கேட்டவனே அனில்தான். கேட்டுவிட்டு வெளியே போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான் பாவி.

கிளாட்வினையும் அபிகாயிலையும் வரச் சொன்னான். முழங்கைக்குக் கீழே ஊசியை ஏற்றினான்.

தூறல்.

மேலே, புஜத்தில் ஏற்றினான். அங்கேயும் தூறல். தோளில்... தூறல். அப்போது அந்தத் தூறலுக்கு நடுவே, நிதானமாக...

டொக்.

"மாமா, கைய இறுக்காத," என்றான் அனில்.

"நான் இன்னாடா பண்ணேன்? அவதான்." கிளாட்வின் கண்ணை மூடியபடி சிரித்தார். "லீனா, கேக்குதா?"

டொக்.

நரம்பே செத்த தசைக்கு உத்தரவு கொடுப்பது யார்? ஏ.சி. குளிரில் ஸ்பிரிட் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. ஈரப் பெயிண்ட் வாசனை.

அபிகாயில் எழுந்து வந்து அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா... நைனாவ உட்டுடும்மா. எனக்கு யாருமில்லம்மா."

டொக் டொக்.

பெற்ற தாய் அப்படிச் சொல்வாளா? அந்தப் பிள்ளைக்கு முகம் மாறிப்போனது. அத்தனை நாள் ராத்திரியும் கிளாட்வின் எத்தனையோ கேட்டிருந்தார். இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. அவள் கேட்டாள்.

"நீ எங்கம்மாவா?"

டொக் டொக்.

கிளாட்வினின் சிரிப்பு அப்படியே நின்றது. கண்ணைத் திறந்தார். "அப்ப லீனா... உன்னாண்ட லீனா கீறாளா?"

டொக் டொக்.

அனில் ஊசியை உருவி, மிஷினை அணைத்தான். கிளாட்வின், இல்லாத கையை எதிலிருந்தோ விடுவிக்கிற மாதிரி தோளைப் பின்னால் இழுத்து இழுத்துப் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை என்பான் அனில்.

ஈஸ்டரை அவர் பார்க்கவில்லை. தூறல் நெஞ்சுக்கு இறங்கி, மூச்சு விடுகிற தசையையும் பிடித்துவிட்டது. ஜெபம் பண்ணிப் பார்த்தோம். பெரிய டாக்டர்களிடமும் காட்டினார்கள். ஒன்றும் உதவவில்லை. அபிகாயில் இப்போது அனில் வீட்டில்தான் இருக்கிறாள். இருட்டினால் யாரும் அவள் கையைத் தொடக் கூடாது.

ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் கதை முடியாது. சோதனை செய்த மறுநாள் காலையில் விடிந்ததும் விடியாததுமாக அனில் மண்வெட்டியோடு தோட்டத்துக்கு ஓடினான். அக்காவின் சிலுவைக்குக் கீழே தோண்டினான். முழங்கை ஆழத்தில் பெட்டி இல்லை. இடுப்பு ஆழம் தோண்டினான். பெட்டி இல்லை, அக்காவின் சவப்பெட்டியும் இல்லை. வெறும் மண்... சில்லென்று.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற கிழவர் கங்கையா சத்தம் கேட்டு வந்தார்.

"அய்யய்யோ, இங்க ஏம்பா தோண்டற? உங்க அக்கா அதோ, அந்த வேப்ப மரத்தாண்ட கீது. பெயிண்டு அடிக்க சொல்லோ சிலுவைங்கள புடுங்கனோமில்ல... நடும்போது வரிச தப்பிப் போச்சி. அப்பால மாத்திக்கலாம்னு உட்டுட்டேன்."

அனில் குழிக்குள் நின்றபடியே கேட்டான். "அப்ப இங்க கீறது யாரு தாத்தா?"

கங்கையா குழியை எட்டிப் பார்த்தார்.

"இங்கயா? இங்க யாரையும் பொதச்சதே இல்லியேப்பா. எங்க நைனா காலத்துலருந்து இந்த எடத்துல மட்டும் தோண்டக்கூடாதுன்னு உட்டு வெச்சிக்கீறோம்."