டென்மார்க் மந்திரியும் முந்நூறு ரோல்சும்

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர். சன்னலோரம் இருந்த மீசைக்காரர் திடீரென்று சொன்னார்:

“டென்மார்க் மந்திரியை விட எனக்குத் துணிவு கூட.”

மற்றவர் திரும்பினார். “என்னண்ணை சொல்லுறியள்?”

“அங்கை இருக்கிற தம்பி போனில சொன்னவன். ஐரோப்பாவுக்குப் புதுச் சட்டம் ஒண்டு வருதெண்டால், மந்திரி பிரசெல்ஸ் கூட்டத்துக்குப் போக முதல் தங்கட பார்லிமெண்ட் கமிட்டியைக் கேக்கவேணுமாம். அவை மறிச்சால் அங்கை போய் ஓம் எண்டு சொல்லேலாதாம்.”

“நல்ல முறைதானே.”

“நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. இப்ப ஊர்ச்சங்கக் கூட்டத்தில கையை உயர்த்திப்போட்டு வாறன். ஒன்றுகூடலுக்கு மனுசி முந்நூறு இறைச்சி ரோல்ஸ் பொரிச்சுத் தருவா எண்டு. எல்லாரும் கை தட்டினவை.”

“அக்காவுக்கு எப்ப சொல்லப்போறியள்?”

“வீட்டுக்குப் போனவுடனை.”

பஸ் இன்னொரு தரிப்பில் நின்று புறப்பட்டது.

“அண்ணை, நீங்கள் இறங்கிற இடம் அப்பவே போயிட்டுதே!”

“தெரியும்,” என்றார் மீசைக்காரர். “கடைசி ஸ்டொப் வரைக்கும் போவம். அந்த மந்திரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுறன்.”