பன்னிரண்டாம் நம்பர்

ஹசந்தி: நம்ம டோக்கன் எங்கே? பத்தாம் நம்பரே போயாச்சு, நம்மளை இன்னும் கூப்பிடல.

அசங்க: எது?

ஹசந்தி: அஞ்சாம் நம்பர். பிள்ளைக்கு வாய் கொப்பளிக்க வைக்கப் போகும்போது உங்க கையில கொடுத்துட்டுப் போனேனே.

அசங்க: அது... ஒரு பெரியவர். பாவம், பல்செட்டு உடைஞ்சு போச்சாம். அவருக்குக் கொடுத்துட்டு அவரோடதை வாங்கிக்கிட்டேன்.

ஹசந்தி: அவரோடது எத்தனை?

அசங்க: பன்னிரண்டு.

ஹசந்தி: பல்லே இல்லாதவருக்கு என்ன அவசரம்? இவளைப் பாருங்க, கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு. மூணு நாளாச்சு ஒழுங்கா சாப்பிட்டு...

ஒவினி: நாலு நாள்.

ஹசந்தி: நாலாம். கேட்டுக்கோங்க.

அசங்க: இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, ஹசந்தி. மூணுலேர்ந்து நாலரை ராகு காலம். அதுல போய்ப் பல்லைப் பிடுங்கினா...

ஹசந்தி: ராகு உங்க மக வாய்லயா உக்காந்திருக்கார்?

ஒவினி: அம்மா, சிரிக்க வைக்காதே. வலிக்குது.

அசங்க: நீ கேலி பண்ணு. அம்மா நேரம் பார்த்துச் சொல்லித்தான் அனுப்பினாங்க.

ஹசந்தி: உங்கம்மாவா... சரிதான். புத்தாண்டுக்குப் பாகு ஒழுக ஒழுக பத்துக் கவும் பலகாரம் ஊட்டினதும் அவங்கதான். வலிக்குதுன்னதும் கிராம்பை வெச்சு ஒரு வாரம் ஓட்டினதும் அவங்கதான். இப்ப நேரமும் அவங்களேவா?

ஒவினி: அம்மா, பிடுங்கின பல்லைக் கையில தருவாங்களா?

ஹசந்தி: கேட்டு வாங்கிக்கலாம்.

ஒவினி: கூரை மேல போடணும். அப்பதான் அணில் எடுத்துட்டுப் போய்ப் புதுப் பல்லு தரும்.

ஹசந்தி: அணிலும் ராகு காலம் பார்க்குமான்னு அப்பாகிட்ட கேளு.

அசங்க: பிள்ளை முன்னாடி ஏன் இப்படி...

ஹசந்தி: மணி அஞ்சாகப் போகுது. ராகு அவர் வேலையைப் பார்க்கப் போயாச்சு. நீங்க எங்கே எழுந்திரிக்கிறீங்க?

அசங்க: அந்தக் கைக்குழந்தைக்காரி ரொம்ப நேரமா நிக்கிறா. நம்ம டோக்கனை...

ஹசந்தி: உக்காருங்க. அவளோடது பதினெட்டாம் நம்பர். நாளைக்குக் காலையிலயா வீட்டுக்குப் போறது?

ஒவினி: அம்மா, வாய் கொப்பளிக்கும்போது நான் பார்த்தேன். அப்பா அந்தக் கதவுல இருக்கிற பேரைப் படிச்சார். அப்புறம்தான் தாத்தாகிட்ட டோக்கன் கொடுத்தார்.

அசங்க: வலிக்குதுன்னியே, வாயை மூடிட்டு இரு.

ஒவினி: டாக்டர் இமேஷா வீரக்கோன். நானே படிச்சேன்.

ஹசந்தி: அட.

அசங்க: என்ன அட?

ஹசந்தி: உங்க தங்கச்சி என்னிக்கோ சொல்லிட்டா. பொண்ணு பார்த்துட்டு வந்து, மூணு மாசம் போன்ல பேசி, அப்புறம் வேணாம்னு விட்டீங்களே, அவங்கதானே?

அசங்க: தெரிஞ்சேதான் இங்கே கூட்டிட்டு வந்தியா?

ஹசந்தி: குருநாகல்ல குழந்தைங்க அழாம பல்லு பிடுங்குறது இவங்க ஒருத்தர்தான். உங்க பழைய கதைக்காக என் பிள்ளை வீங்கின கன்னத்தோட கண்டி வரைக்கும் போகணுமா?

அசங்க: ஜாதகம் பொருந்தல. நான் என்ன செய்ய? அவளுக்கு ஏழுல செவ்வாய். கட்டினா ஏழு வருஷத்துக்குள்ள புருஷன் போயிடுவான்னு சொன்னாங்க. அம்மா ஒரே அழுகை.

ஹசந்தி: அதை அவங்ககிட்ட நேர்ல போய்ச் சொன்னீங்களா?

அசங்க: நேர்ல எப்படிப் போறது?

ஹசந்தி: போன்லயாவது?

அசங்க: தரகரை அனுப்பினேன்.

ஹசந்தி: த்தூ.

ஒவினி: பன்னிரண்டு கூப்பிடுறாங்க.

ஹசந்தி: எழுந்திரிங்க. நீங்கதான் உள்ளே கூட்டிட்டுப் போறீங்க.

அசங்க: எனக்கு ரத்தம் பார்த்தாலே தலை சுத்தும்... நீ போயேன்.

ஒவினி: நானே போறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கேயே சண்டை போடுங்க.

*

அசங்க: சத்தமே இல்லையே.

ஹசந்தி: அவ உங்களை மாதிரி இல்ல.

அசங்க: ஊசி போட்டிருப்பாங்களா?

ஹசந்தி: அவ்வளவு அக்கறைன்னா கதவைத் திறந்து பாருங்களேன்.

அசங்க: வேணாம், ரத்தம் கிடக்கும்.

ஹசந்தி: அதானே.

ஒவினி: அம்மா. பல்லு. தாள்ல சுத்திக் கொடுத்தாங்க.

ஹசந்தி: என் தங்கமே. அழலையே? பஞ்சை நல்லாக் கடிச்சுக்கோ. பேசாதே.

ஒவினி: அழல. தனியாவா வந்தேன்னு கேட்டாங்க. அப்பா வெளியே இருக்கார்னு சொன்னேன். பேர் கேட்டாங்க.

அசங்க: சொல்லிட்டியா?

ஒவினி: அசங்க ரத்நாயக்க.

அசங்க: முழுசா ஏன் சொன்ன?... என்ன சொன்னாங்க?

ஒவினி: சிரிச்சாங்க. 'உங்கப்பா எப்பவும் தனக்குப் பதிலா வேற ஆளைத்தான் அனுப்புவார்'னு சொன்னாங்க.

ஹசந்தி: எனக்கு இந்த டாக்டரை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

அசங்க: சிரி, நல்லாச் சிரி. அன்னிக்கு அம்மா பேச்சைக் கேட்டதாலதான் நான் இன்னிக்கு முழுசா உக்காந்திருக்கேன். உன் ஜாதகத்துல இருபதுக்குப் பதினெட்டுப் பொருத்தம். செவ்வாய் தோஷம் துளி கூட இல்ல.

ஹசந்தி: எனக்கும் ஏழுலதான் செவ்வாய். நான் பொறந்த நேரத்தை எங்கப்பா ரெண்டு மணி நேரம் தள்ளி எழுதிக் கொடுத்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷமாச்சு, உங்க கணக்குப்படி நீங்க செத்து ரெண்டு வருஷம் ஆகுது. எழுந்து போய் வண்டியை எடுங்க, பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கணும்.