புள்ளி நிக்கிற நேரம்

கண் டாக்டர்லாம் வேணாம் ஜான்சி. சீட்டு எழுதறத நிறுத்திட்டு கொஞ்சம் கேளு. எங்கண்ணுல ஒரு கோளாறும் இல்ல.

இல்லம்மா, உன் ஆராய்ச்சிக் கம்ப்யூட்டரும் சரியாத்தான் ஓடுது. புள்ளிங்க வருது, இமைக்கறதுக்குள்ள போயிடுது. குறுக்கு வரிசையா தெரிஞ்சா இந்தப் பட்டன், நெட்டு வரிசையா தெரிஞ்சா அந்தப் பட்டன். அதான? கிட்டகிட்ட இருக்கறத கண்ணு தானா ஒண்ணு சேத்துக்கும்னு நீதான் மொத நாளு சொன்ன. மத்தவங்கள விட மூணு பங்கு நேரம் புள்ளி நின்னாத்தான் எனக்குத் தெரியுதுன்னு வருதா? வரும் வரும்.

அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரிக் கம்பெனியில இருவத்தாறு வருசம் இருந்தவ நான். பருப்ப தட்டுல கொட்டுவாங்க. முழுசு, பாதி, துண்டுன்னு பிரிக்கணும். ஒண்ணொண்ணா பாத்துகிட்டா இருப்பாங்க? கொட்டும்போதே முழுசெல்லாம் ஒரு கூட்டமா தெரியும், கை தானா போவும். மேஸ்திரி பக்கிரி எல்லார் தட்டையும் திருப்பிப் பாப்பாரு, என் தட்ட மட்டும் பாக்க மாட்டாரு, தப்பே இருக்காது.

இப்ப மஞ்சக்குப்பத்துல தனியாத்தான் கெடக்கறேன். எங்க வீட்டுக்காரரு போயி சேந்து நாலு வருசமாச்சு. பையன் செம்பியன் பெங்களூருல. ஞாயித்துக்கெழம போன் பண்ணுவான், சாப்ட்டியாம்பான், வெச்சுடுவான். கொற சொல்லல, அவனுக்கு வேல ஜாஸ்தி. மத்த நாளுல்லாம் டிவியோடதான் பேசிகிட்டு கெடக்கறேன். வியாழக்கெழம ஆனா காலையிலயே பொடவ மாத்திகிட்டு செதம்பரம் பஸ்ஸ புடிச்சு இங்க வந்துடறேன். நீ டீ வாங்கியாந்து வெக்கிற, பக்கத்துல ஒக்காந்து முட்டிவலி எப்புடி இருக்குதும்மான்னு கேக்கற.

எதுக்கு சொல்றேன்னா, இதெல்லாம் ஆராய்ச்சியா எழுதிக் குடுக்கப் போறேன்னு போன வாரம் சொன்ன பாரு, மூணு வருச ஒழைப்புன்னு. அன்னியிலேந்து மனசு கேக்கல. அதுலேந்து என் கணக்க எடுத்துடு.

மொத நாளு கை தவறித்தான் அழுத்திட்டேன். தப்பாப் போனா அடுத்த புள்ளி கூட நேரம் நிக்கிது. இன்னும் நாலு தப்பு வந்துது, மொத்தமும் நீண்டுகிட்டே போச்சு. அடுத்த வாரமும் வரணும்மான்னு நீ சொன்ன. எங்கூட வந்த பட்டம்மா எல்லாத்தையும் சரியா அழுத்துனா. அவள அன்னிக்கே தாங்க்ஸ் சொல்லி அனுப்பிட்ட, பாத்துகிட்டுத்தான இருந்தேன்.

என்ன அப்புடிப் பாக்காத. திட்டணும்னா திட்டிடு.

எல்லாமே நல்லாத் தெரிஞ்சுது ஜான்சி. தெரிஞ்சேதான் அதுக்கப்பறம் ஆறு வாரமும் மாத்தி மாத்தி அழுத்துனேன். சரியா சொல்லிட்டா அப்பறம் இங்க எனக்கு என்ன வேல, சொல்லு.