கூடவே விழுகிறவர்கள்

மகள்: கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைக் கால்ல நில்லுங்கப்பா.

அம்மா: ஏய்... அப்பாவை அந்த மாதிரி எதுவும் செய்யச் சொல்லாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!

மகள்: அடிச்சுக்கிட்டே. நான் கேக்கல. நில்லுங்கப்பா.

அப்பா: விடிஞ்சும் விடியாம இதென்ன கூத்து? கிரேன் ஓட்டுறவனைக் கொக்கு ஆக்கப் பாக்குறியா?

மகள்: எனக்குச் சிரிப்பு வரல.

அம்மா: சேஃப்டி ஆபீசர் வேலையெல்லாம் சைட்டோட வச்சுக்கடி. அவரு இருக்கிற சைட்டுலயே உனக்கு வேலை கிடைச்சப்பவே நினைச்சேன்.

அப்பா: நம்ம வம்சத்துல முதல் டிகிரி. படிச்சதையெல்லாம் எங்கேயாவது இறக்கணும்ல? இரு, ஷூவை மாட்டிக்கிறேன்...

மகள்: குனியும்போது ஏன் சுவரைப் பிடிக்கிறீங்க?

அப்பா: நம்ம சுவர்தானே.

அம்மா: வாடகைச் சுவரு.

மகள்: பேச்சை மாத்தாதீங்க ரெண்டு பேரும். எத்தனை நாளாத் தலை சுத்துது?

அப்பா: தலை சுத்தல. பூமி சுத்துது. நீதானே சின்ன வயசுல படிச்சிட்டு வந்து சொன்னே?

மகள்: எல்லாருக்கும்தான் சுத்துது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அப்பா: கீழ இருக்கிறவங்களுக்குத் தெரியாது... நிஜமாம்மா. நீ கேபின்ல உக்காந்ததில்ல. காலையில பனி மூடியிருக்கும். சைட்டு இல்ல, ரோடு இல்ல, ஊரே இல்ல. பாலை ஊத்தி வச்ச மாதிரி. பக்கத்து கிரேனோட கை மட்டும் தனியா மிதக்கும். அப்ப சூரியன் வரும்... வராது. அது அங்கேயேதான் நிக்குது. நாமதான் அதைப் பாத்து மெல்ல மெல்லக் குப்புறச் சாயுறோம். ஊஞ்சல் கிளம்பும்போது அடிவயித்துல ஒண்ணு இருக்குமே... அது.

அம்மா: என்கிட்டயும் சொல்வாரு. கேட்டுக்கிட்டே கண்ணயர்ந்துடுவேன்.

அப்பா: இப்பக் கொஞ்ச நாளா அது சீராப் போகல. வேகம் கூடுது. திடீர்னு மூச்சைப் பிடிச்ச மாதிரி நிக்குது. ஒரே நொடி. மறுபடி கிளம்பிடுது.

மகள்: பூமி அப்படி நின்னா கடல் எந்திரிச்சு வீட்டுக்குள்ள வந்திருக்கும். உங்க டீ கிளாஸ்கூட ஆடலையே.

அப்பா: ரொம்பக் கொஞ்சமா மாறினா?

மகள்: மாறுதுதான். சூரியனைச் சுத்துற வேகம் வருஷத்துல பாதி நாள் கூடிக்கிட்டே போகும், பாதி நாள் குறைஞ்சுக்கிட்டே வரும்.

அப்பா: பாத்தியா! படிக்காத நான் சொன்னேன்ல!

மகள்: முழுசாக் கேளுங்க. அது யாருக்கும் தெரியாது. பூமி சூரியனைப் பாத்து விழுந்துக்கிட்டே இருக்கு. அதோட நாம, காத்து, கடல், உங்க கிரேன், எல்லாம் ஒண்ணா விழுது. கூடவே விழுறவங்களுக்கு விழுறது தெரியாதுப்பா.

அம்மா: இப்பவுமா? இந்த நிமிஷமும் விழுந்துக்கிட்டா இருக்கோம்?

மகள்: ஆமா. மோதாம சுத்திச் சுத்தி விழுறோம்.

அம்மா: ...கேக்க நல்லா இருக்கே.

அப்பா: கூடவே விழுறவங்களுக்குத் தெரியாது... மேல போய் நிதானமா யோசிக்கிறேன்.

மகள்: மேல போக வேண்டாம். நில்லுங்க.

அம்மா: விட்டுடேன்டி. அங்க இருக்கும்போதுதான் அவரு அவரா இருக்காரு. கீழ வந்தா கூட்டத்துல ஒருத்தரு.

மகள்: இப்படியே பூசி மெழுகிட்டே. கட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு அவரு தூங்குறதை நான் பாக்கலைன்னு நினைச்சியா?

அப்பா: அவளை ஏன் திட்டுறே? நிக்கிறேன். கண்ணு மூடியாச்சா? மூடியாச்சு. காலு? தூக்கியாச்சு. ஆச்சா... பாத்தியா...

அம்மா: ஏங்க! பிடி, பிடிடி அவரை!

மகள்: பிடிச்சுட்டேன். உக்காருங்க... மெதுவா.

அப்பா: வீடு இடப்பக்கமாப் போச்சு.

மகள்: வீடு போகல. காதுக்குள்ள கொஞ்சம் தண்ணி இருக்கு. ஆடுறோமா திரும்புறோமான்னு அதுதான் மூளைக்குச் சொல்லணும். உங்களுது பொய் சொல்லுது.

அப்பா: அழகாச் சொல்லுச்சே அந்தப் பொய்யை.

மகள்: நேத்து என்ன ஆச்சு?

அப்பா: நேத்தா? அதான் எல்லார்கிட்டயும் சொன்னேனே. காத்து. கம்பிக் கட்டு ஆடிடுச்சு.

மகள்: காத்தே இல்லப்பா. கேட்டுல கட்டின கொடி செத்த மாதிரித் தொங்குச்சு.

அம்மா: என்கிட்டயும் காத்துன்னுதானே சொன்னீங்க?

அப்பா: ...பூமி இடப்பக்கம் திரும்புச்சு. சத்தியமாத் திரும்புச்சு. சுமை எங்கேயோ போயிடுமேன்னு நான் லீவரை வலப்பக்கம் தள்ளி ஈடுகட்டினேன்.

மகள்: திரும்பாத பூமிக்கு.

அப்பா: ஆளுங்க நடக்கிற வழிக்கு மேல கட்டு போயிடுச்சு. ஒரு கம்பி உருவிக்கிட்டு விழுந்துச்சு. கீழ யாரோ ஓடினாங்க... மேலேருந்து எறும்பு மாதிரிதான் தெரியும். தப்பிச்சுட்டாங்க. இறங்கி வந்து யாருன்னு கேக்க எனக்குத் தைரியம் வரல.

மகள்: நேத்து சாயங்காலமே இஞ்சினியர்கிட்ட சொல்லிட்டேன். இன்னைக்கு வேற ஆள் ஏறுறாரு. இனிமே நீங்க ஏறக் கூடாது.

அப்பா: சொல்லிட்டியா? அப்புறம் எதுக்கு இந்த ஒத்தைக்கால் நாடகம்?

மகள்: நான் சொல்லி நீங்க நம்ப மாட்டீங்க. நீங்களே தெரிஞ்சுக்கணும்னுதான். அம்மா, இன்னைக்கே இவரைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.

அம்மா: பெத்த அப்பனைப் போட்டுக் குடுத்துட்டு வந்து நிக்கிறா பாரு! தப்பிச்சு ஓடின ஆளே வாயைத் திறக்கல. உனக்கு என்னடி வந்துச்சு?

அப்பா: விடு, அவ சரியாத்தான் செஞ்சிருக்கா... இரும்மா, கதவைச் சாத்தாதே. அந்த ஆளு யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. காலைப் பிடிச்சாவது மன்னிப்புக் கேட்டுடுறேன்.

மகள்: பெத்த பொண்ணு காலை நீங்க பிடிக்கக் கூடாதுப்பா... நேரமாச்சு, வரேன்.